உள்ளங்கையில் எரிந்த சிவப்பு விளக்கு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். கல்யாணமாகிப் பேரையூரிலிருந்து மதுரைக்கு வந்த நாளிலிருந்து சுடுகாட்டு வழியாகத்தான் வேலைக்கு நடந்தேன்; ஒன்றும் என்னை மறித்ததில்லை. அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எண்பதுகளில் விளாங்குடிப் பக்கம் ஒரு மில்லில் கம்ப்யூட்டர் ரூம் துடைக்கிற வேலை எனக்கு. பீரோ உயரத்துக்கு ஒரு மெஷின், பக்கத்தில் நாடா சுற்றுகிற பெட்டி. மத்தியானம் மூன்று மணிக்கு வாளியும் துணியுமாக உள்ளே போவேன், நாடா நின்றுவிடும், மெஷினும் கல்லாகிவிடும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள். மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏம்மா பேச்சி, எதைப் புடுங்கி விடுற?"

"புடுங்குறதுக்கு அதுல என்ன சார், வெங்காயமா போட்டிருக்கு?"

"வாய் மட்டும் இம்புட்டு இருக்கு. சனிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலைன்னா நீ வர வேண்டாம்."

எழுத்தென்று எனக்குத் தெரிந்தது என் பேர் மட்டும்தான். அதில் அழுக்கு விழ விடுவேனா?

நாடாப் பெட்டியை ஓட்டுகிற ப்ரோக்ராமை எழுதிய என்ஜினியர் தம்பி மெட்ராஸிலிருந்து வந்தார். எந்த இடத்தில் நிற்கிறது என்று அந்த ப்ரோக்ராமையே சொல்ல வைக்க வேண்டுமாம். முதலில் அது எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் மெஷின் திரையில் ஒரு வரி போட வைத்தார். மெஷின் செத்ததும் திரையும் உறைந்தது, கடைசி வரி வந்து சேரவே இல்லை. அப்புறம் அத்தனையையும் பேப்பரில் அடிக்க வைத்தார். கட்டுக் கட்டாகப் பேப்பர் வந்தது, நானும் தாராளமாகத் துடைத்தேன், மெஷின் நிற்கவே இல்லை. பேப்பரை நிறுத்தினார், மெஷினும் நின்றுவிட்டது.

"எழுதிக்கிட்டே போறதுல மெதுவாயிடுதும்மா. வேகமா ஓடுனாத்தான் தடுக்குது" என்றார்.

எனக்குச் சந்தேகம்தான். "இல்ல தம்பி. யாரோ கவனிக்குறாங்கன்னு அதுக்குத் தெரியுது."

மூன்றாவதாக அவர் பிடித்த வழி விளக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று குட்டி விளக்குகள். ஒவ்வொரு அடிக்கும் ஒன்றை ப்ரோக்ராம் ஏற்றி அணைக்கும். அதற்கு நேரமே பிடிக்காது, மெஷின் செத்தாலும் கடைசியாகப் போட்டது எரிந்தபடி நிற்கும் என்றார். மூன்று மணிக்கு உள்ளே போனேன். நாடா நின்றது. சிவப்பு மட்டும் எரிந்தது.

"சிவப்புன்னா, பெட்டி பதில் சொல்லும்னு ப்ரோக்ராம் காத்துக்கிட்டு இருக்கு. பெட்டிக்குப் போற ஒயர்லதான் கோளாறு, உங்க மேல தப்பில்லம்மா" என்றார் தம்பி.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மெயினை அணைத்தார். விளக்கு எரிந்தது. ப்ளக்கைப் பிடுங்கினார், அப்போதும் எரிந்தது. கம்பி இரண்டையும் கழற்றி விளக்கை உள்ளங்கையில் வைத்தார். நம்பினால் நம்புங்கள், பட்டப்பகலில் அது அவர் கையில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நான் கிட்டே போய்க் கையை நீட்டினேன், அணைந்தது. கையை இழுத்துக்கொண்டேன், எரிந்தது. இன்னொரு தடவை நீட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தம்பி என்னை ஏறிட்டுப் பார்த்தார். பெட்டியின் ஒயரை மாற்றினார். பழைய ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அன்றே பஸ் ஏறிவிட்டார். "மனசுல வச்சுக்காதம்மா" என்றார் மேனேஜர். நான் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் நானே கேட்டு நூல் கோடவுனுக்கு மாறிக்கொண்டேன். அதற்குப் பிறகு மெஷின் நிற்கவில்லையாம். ஒயர் மாறியதாலா, நான் அங்கே போகாததாலா, யாரும் யோசிக்கவில்லை.

விளக்கைக்கூட நான் மறந்திருப்பேன். குப்பைக்கூடையில் கிடந்த பழைய ஒயரை முந்தானையில் சுற்றி எடுத்து வந்ததுதான் வினை. ரேடியோ ரிப்பேர் கடை அண்ணன் அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து, உள்ளே இருந்த ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தார்.

"எங்கயும் அறலையே, கல்லு மாதிரி இருக்கு. இதைப் போயி யாரு தாயி தூக்கிப் போட்டது?"