ஒன்பது மார்க் டம்ளர்

சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அந்தச் சத்தம் வரும். எவர்சில்வர் டம்ளரைச் சாப்பாட்டு மேஜையில் ‘ணங்’கென்று வைக்கிற சத்தம். சிட்லபாக்கத்து வீட்டில் புஷ்பத்தைத் தவிர வேறு ஆள் கிடையாது. போய்ப் பார்த்தால் மேஜை காலியாக இருக்கும், டம்ளர்கள் அலமாரியில் கவிழ்த்தபடியே இருக்கும். அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

சத்தம் யாருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கணவர் எட்மண்ட் கோடையில் காலமானார். இப்போது மழைக்காலமே வந்துவிட்டது. மனுஷர் இன்னும் சனிக்கிழமை தவறவில்லை.

ரயில்வே வேலையில் நாடெல்லாம் சுற்றியதில் அவருக்கு ஒட்டிக்கொண்ட ஒரே பைத்தியம் பீர். சீமைச் சரக்கைத் திரும்பியும் பார்க்க மாட்டார். நம் ஊர் ஜனங்கள் காலம் காலமாகக் குடிக்கிற பீர்களை ருசி பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும், அவ்வளவுதான். குடிகாரர் என்றால் அபாண்டம். டம்ளருக்கு நாலு மடக்கு குடிப்பார், மிச்சமெல்லாம் வாங்கி வந்த ஆட்டோக்காரர் பாலுவுக்கு.

கண்ணாடி கிளாஸ் கூடாது என்பது புஷ்பத்தின் சட்டம். ஜெபக் கூட்டத்துக்காரர்கள் எந்நேரம் வாசலில் நிற்பார்கள் என்று யார் கண்டது? பாட்டில் தெரிந்தால் பாவம், டம்ளர் தெரிந்தால் மோர். கல்யாணத்துக்கு வந்த நாலு டம்ளர்கள், நாலிலும் பேர் வெட்டியிருக்கும். மூன்றில் கொடுத்தவர்கள் பேர், ஒன்றில் அவள் பேர். சமையலறையில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பீரை ஊற்றி வரிசையாகக் கொண்டுவந்து வைப்பாள். அவர் ருசித்து, எது எந்த பீர் என்று சொல்லி மார்க் போடுவார்.

விடையை மட்டும் அடுத்த சனிக்கிழமைதான் சொல்வாள். கணக்கு டீச்சராக இருந்தவள் அல்லவா? “உடனே ரிசல்ட் சொன்னா புள்ளைங்களுக்குப் பயம் விட்டுப்போயிடும்” என்பாள். அவர் வாரம் முழுக்கப் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு திரிவார்.

கடைசிச் சனிக்கிழமை பாலு கொண்டுவந்தது நாலும் ஒரே பீர். “கடைல வேற சரக்கே இல்ல டீச்சரம்மா” என்றார். எட்மண்ட் அப்போதுதான் காய்ச்சலில் இருந்து எழுந்து உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு ஆட்டம் இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வாயைத் திறக்காமல் ஊற்றிக்கொண்டு போய் வைத்தாள்.

மூன்று, ஐந்து, ஆறு என்று போட்டுக்கொண்டே வந்தவர் நாலாவது டம்ளரைக் கீழேயே வைக்கவில்லை.

“ஒம்பது! புஷ்பம், இதை மிஞ்சின சரக்கு இந்தியாவுலயே கிடையாது. கரெக்டா?”

“அடுத்த சனிக்கிழமை சொல்றேங்க.”

புதன்கிழமை காலையில் பல் தேய்க்கப் போனவர் அங்கேயே விழுந்தார்.

விடை கேட்டுத்தான் வருகிறார் என்று புஷ்பம் நம்பினாள். ‘நாலும் ஒண்ணுதாங்க’ என்று சொல்லிவிட்டால் போய்விடுவார். ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? ஆயுசெல்லாம் காப்பியடித்த பிள்ளைகளைப் பிடித்தவள், கட்டின புருஷனை ஏமாற்றியிருக்கிறாள். அந்த ஒன்பது மார்க் சந்தோஷம்தான் அவர் கடைசியாகக் கொண்டுபோனது. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம் என்று அவளுக்குத் தூக்கமே போயிற்று.

இந்தச் சனிக்கிழமை பொறுக்க முடியாமல் பாலுவைக் கூப்பிட்டு, அதே பீர் ஒன்று வாங்கி வரச் சொன்னாள். மேஜையில் வைத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. பாட்டிலைக் கொடுத்த பாலு நகராமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“டீச்சரம்மா, சொல்லாம மனசு கேக்கல. அன்னிக்குக் கடைல எல்லாச் சரக்கும் இருந்துச்சு. சார்தான் நாலும் ஒண்ணா வாங்கியாரச் சொன்னாரு.”

“அவரா? எதுக்கு?”

“ஜொரத்துல அவருக்கு நாக்கு செத்துப்பூட்ச்சு. ஒரு ருசியும் தெர்ல. தப்புத் தப்பாச் சொன்னா நீங்க கண்டுபுட்ச்சி, இத்தையே நிறுத்திடுவீங்கன்னு பயந்துகினு இருந்தாரு. ‘எல்லாம் ஒண்ணா இருந்தா அவ எங்கிட்ட சொல்லமாட்டா பாலு, ஊத்திகினு வந்துடுவா. எம்பொண்டாட்டி பேரு இருக்கிற டம்ளருக்கு ஒம்போது போடுறேன் பாரு’ன்னு சிரிச்சாரு.”

பாலு போன பிறகு புஷ்பம் அலமாரியில் இருந்து தன் டம்ளரை எடுத்தாள். விளிம்புக்குக் கீழே வெட்டியிருந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவினாள். அவரும் அன்றைக்கு இப்படித்தான் தடவிப் பார்த்திருக்க வேண்டும். பாவி மனுஷன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

விடை தெரிந்தவர் விடைக்காக வரவில்லை. பிறகு எதற்காக வருகிறார் என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் டம்ளரில் நாலு மடக்கு அளவுக்கு ஊற்றி, அவர் உட்காரும் இடத்துக்கு எதிரே வைத்துவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தெருவிளக்கு எரிந்தது.

‘ணங்’.

அவள் எழுந்திருக்கவில்லை.

“அடுத்த சனிக்கிழமை சொல்றேங்க,” என்றாள். “வந்துடுங்க.”