உம் கொட்ட ஓர் ஆள்

எண்பதுகளின் கடைசி. டென்மார்க்கில் ஸ்கீவ என்ற சின்ன ஊரில் நடந்தது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைப் பிடியுங்கள்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. நான் மூத்த மகனோடு இங்கே வந்துவிட்டேன். அவள் யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம். குடும்பத்தைக் கூப்பிடத் தமிழர் போட்ட விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்த காலம் அது. பின்னாளில் அதுவே பெரிய வழக்காகி ஆட்சியைக் கவிழ்த்தது. அப்போது எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? தபால்காரனின் சைக்கிள் என் வீட்டில் நிற்காமல் போகிற சத்தம்தான் தெரியும்.

கடிதம் எழுத எனக்கு வராது. கசெட்டில் பேசி, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவேன். அதில் மகளுக்கு ஒரு கதையும் இருக்கும்: ரிக்கெற் எடுக்காமல் கொழும்பு ரயிலில் ஏறின பூசணிக்காயின் கதை. நானே கட்டினது. கசெட்டுக்குக் கசெட் பூசணிக்காய் பெருத்துக்கொண்டே போகும்.

அக்காவின் பதில் கசெட்டில் ஒரு செய்தி வந்தது. பிள்ளை கதையின் பாதியில் எழும்பிப் போய்விடுகிறாளாம். கேட்டால், "அது அம்மா இல்லை, ரேடியோ" என்கிறாளாம். அவள் உம் கொட்டுகிறாள், கசெட் அதற்கு நிற்கவில்லை, அதுதான் கோபம். வீட்டில் அவள் உம் கொட்டாவிட்டால் நான் கதையை நிறுத்திவிடுவேன். அது எங்களுக்குள் சட்டம். அவள் வருவதற்கான அனுமதிக் காகிதம் எப்போது வருமோ, அதற்குள் பிள்ளைக்கு நான் ரேடியோவாகிவிடுவேனே என்றிருந்தது.

நான் தரை துடைத்த முதியோர் இல்லத்தில் இருபது வயதுப் பிள்ளை ஒருத்தி வேலை செய்தாள். முதல் நாள் கண்டதும், எந்த ஊர் பிள்ளை என்று ஓடிப்போய்க் கேட்டேன். அவள் டேனிஷில் மன்னிப்புக் கேட்டாள். முகம் எங்கள் முகம், வாய் ஸ்கீவ வாய். தென்னிந்தியாவில் ஏதோ அனாதை இல்லத்திலிருந்து மூன்று வயதில் தத்தெடுத்து வந்தார்களாம். பிறந்த ஊரும் தெரியாது, பாஷையும் தெரியாது. வளர்த்தவர்கள் நல்ல மனிதர்கள். ஆனாலும் மனம் கனக்கிற நேரம் பெற்ற தாய்க்குக் கடிதம் எழுதி, சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைப்பாளாம். இதையெல்லாம் என் வீட்டில் இடியப்பம் தின்றபடி, என் ஓட்டை டேனிஷுக்கு விளங்கும்படி கையையும் காலையும் ஆட்டிச் சொன்னாள்.

"உனக்கு எழுத்து இருக்கு, விலாசம் இல்லை. எனக்கு விலாசம் இருக்கு, எழுத்து இல்லை. சேந்தமெண்டால் ஒரு தபால் கந்தோர் திறக்கலாம்" என்றேன். பாதிதான் விளங்கியிருக்கும். ஆனாலும் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இருக்கும்போதே கதையைப் பதியத் தொடங்கினேன். பூசணிக்காய் ஸ்ரேசனுக்கு உருண்டது. நான் மூச்சுவிட நிறுத்தினேன். "உம்" என்றாள் அவள்.

டேனிஷ்காரர் 'யா' சொல்வதென்றால் மூச்சை உள்ளே இழுத்து, பேயைக் கண்டவர்கள் மாதிரிச் சொல்வார்கள். இது அது இல்லை. கேட்கிறேன், மேலே சொல்லு என்கிற எங்கள் உம். ரயில் வந்தது. உம். ரிக்கெற் பார்க்கிறவர் வந்தார். உம். தமிழில் ஒரு சொல் தெரியாதவள், நான் நிறுத்துகிற இடமெல்லாம் கொட்டினாள். யார் பழக்கினது என்று பிறகு கேட்டேன். தெரியாது என்று தலையை ஆட்டினாள். நான் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தேன். வேறென்ன செய்ய?

கசெட் போய், பதில் வந்தது. எடுத்த எடுப்பிலேயே மகளின் குரல்.

"அம்மா, அங்கை ஆர் உம் கொட்டுறது? அது என்ர இடம். அவவை எழும்பச் சொல்லுங்கோ."

(எழுதுகிறவள் பேனையை வைத்துவிட்டு, தான் அப்படிச் சொல்லவில்லை என்கிறாள். சொன்னாள். கசெட் என்னிடம் இருக்கிறது.)

ரேடியோவோடு யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள். நான் திரும்பவும் அம்மாவாகிவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தினேன். திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். சிரித்தாள், பிறகு அழுதாள். உன் நாட்டுக்குப் போ என்று தெருவில் கத்தினவர்கள் உண்டாம். தங்கச்சி மாதிரி ஒருத்தி, அம்மாவுக்குப் பக்கத்து இடத்துக்காகச் சண்டைக்கு வந்தது இதுதான் முதல் தடவையாம். என்னிடம் ஒரு வசனம் கேட்டுப் பாடமாக்கி, அடுத்த கசெட்டில் தானே சொன்னாள்: "தங்கச்சி, நீ வருமட்டும் இடத்தைப் பாத்துக்கொள்ளுறன்."

"சரி. ஆனா சத்தமாக் கொட்டக் கூடாது" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு சப்பாத்துப் பெட்டியும் என் வீட்டுக்கு வந்தது. தான் எழுதின கடிதங்களை அவள் டேனிஷில் வாசிப்பாள். அம்மா என்கிற சொல்லைத் தவிர எனக்கு அதிகம் விளங்காது. அவள் நிறுத்துகிற இடத்தில் உம் கொட்டுவேன். ஒருநாள் நான் கண்ணயர்ந்துபோக, வாசிப்பும் நின்றுவிட்டது. அவளும் எங்கள் சட்டத்துக்கு வந்துவிட்டாள்.

கடைசியில் காகிதம் அசைந்தது. மகளைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு அந்தப் பிள்ளையும் வந்தாள். போகும்போது ரயிலில் என் பக்கத்தில் இருந்தவள், வரும்போது எழும்பி மகளுக்கு இடம் விட்டு எதிரே போய் இருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்த என் மகள் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு ஒடுங்கி இருந்துகொண்டு, மற்றப் பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.

அந்தப் பிள்ளை இப்போது ஓகூஸ் நகரத்தில் இருக்கிறாள். தலையில் நரை விழுந்துவிட்டது. பெற்றவளைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. போன் எடுத்தால் பூசணிக்காய் எந்த ஸ்ரேசனில் நிற்கிறது என்று கேட்பாள், நானும் சொல்லுவேன். அவள் உம் கொட்டும்போதெல்லாம், மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைப் பழக்கிவிட்டு, சொன்ன கதை பாதியில் நிற்க எங்கேயோ காத்திருக்கிற ஒரு தாயின் இடத்தைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும்.