முதல் வேலை அக்கா வீட்டில்

எங்க அக்காவுக்கு வேலையே ஆளை எடை போடுறதுதான். வீடுகளுக்கு எலக்ட்ரீஷியன், பிளம்பர் அனுப்புற கம்பெனியில, புதுசா சேர வர்றவங்களை எடுக்கலாமா வேண்டாமான்னு சொல்றது அவதான். லைசென்ஸ்ல இருக்கிற போட்டோவையும் எதிர்ல இருக்கிற மூஞ்சியையும் மாறி மாறிப் பார்ப்பா. அந்த ஆள் முன்னாடி வேலை செஞ்ச வீட்டுக்குப் போன் போடுவா. வேலை நல்லா இருந்துச்சான்னு கேக்கவே மாட்டா. "கிளம்பும்போது உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனார்?"னு கேப்பா. எதுல ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்லிட்டுப் போற ஆள்தான் அவளுக்கு வேணும். "ஒண்ணும் சொல்லலையே"ன்னு பதில் வந்தா, அவர் கதை முடிஞ்சது.

எல்லாம் சரியா இருந்தாலும் முதல் வேலை அவ வீட்டுலதான். அவளா வெச்சுக்கிட்ட வழக்கம், கூலியும் கொடுத்துடுவா. கழட்டிக் கழட்டி மாட்டி அந்த வீட்டு ஸ்விட்ச் போர்டெல்லாம் ஆட ஆரம்பிச்சிடுச்சு. "நல்லா இருந்த குழாயை இன்னைக்கு எந்த மகராசன் ரிப்பேர் பண்ணான்?"னு மாமா தலையில அடிச்சுக்குவார்.

என் வீட்டுக்காரர் மில்லுல எலக்ட்ரிக் வேலை பார்த்தவர். மில்லை மூடிட்டாங்க. வீட்டு வேலைக்கு லைசென்ஸ் வேணும், அதுக்குப் பரீட்சை எழுதணும். இந்த வயசுல பரீட்சையான்னு அவர் எழுதலை. நான் போய் அக்காகிட்ட கெஞ்சினேன். "சரி, வரச் சொல்லு. கை எப்படின்னு பார்க்கிறேன்"னா.

அவ வீட்டு ஹீட்டரைக் கழட்டச் சொன்னா. இவர் ஸ்விட்சை அணைச்சிட்டு நேரா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டார்.

"தம்பி, கையை எடுங்க!" அக்கா கத்தின கத்துல நான் ஆடிப் போயிட்டேன். "மெயினை இறக்கினீங்களா? டெஸ்டர் வெச்சுப் பார்த்தீங்களா?"

"மில்லுல அதுக்குன்னு தனி ஆள் இருப்பாருக்கா. இறக்கிட்டேன்னு குரல் கொடுப்பார்."

"வீட்டுல யாரு குரல் கொடுப்பா?"

லைசென்ஸ் வாங்காம ஒரு வீட்டுக்கும் அனுப்ப மாட்டேன்னுட்டா. அழுதுகிட்டேதான் சொன்னா. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்துச்சோ! "கூடப் பிறந்தவளுக்கே இந்தக் கதியா? நல்லா இரு தாயே!"ன்னு கிளம்பி வந்தவதான், அதோட பேச்சை விட்டேன்.

லைசென்ஸ் கேக்காத ஒரு கான்ட்ராக்டர்கிட்ட இவர் சேர்ந்தார். வீடு வீடாப் போய் ஹீட்டர் மாட்டினார், எங்க அடுப்பும் எரிஞ்சது. அவ இல்லைன்னா நாங்க செத்தா போயிட்டோம்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஒரு நாள் காலையில எங்க பொண்ணு, "அம்மா, குழாயைத் தொட்டா சுருக்குங்குது"ன்னா. எங்க ஹீட்டர்லதான் ஏதோ கோளாறு. "கொஞ்சம் பாருங்களேன்"னு சொன்னேன்.

இவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டுப் பாத்ரூம் வாசல்ல நின்னார். நின்னுக்கிட்டே இருந்தார். அப்புறம் அதைக் கீழே வெச்சுட்டார்.

"உங்க அக்காவுக்குப் போன் போடு. லைசென்ஸ் இருக்கிற ஆளா அனுப்பச் சொல்லு."

"ஏன்? நீங்க ஊர்ல எல்லார் வீட்டுக்கும் மாட்டுறீங்களே?"

"இதுல நம்ம பொண்ணு குளிக்கிறா." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

முந்தின நாள்தான் ஒரு வீட்டுல மாட்டிட்டு வந்திருந்தார். அங்கே கைக்குழந்தை இருக்குன்னு அவரே சாப்பிடும்போது சொன்னார்.

நம்பரைப் போட்டேன். அக்கா உடனே எடுத்தா. கோபமா இருக்கியான்னு கேக்கக்கூட எனக்குத் தோணலை.

"அக்கா, ஒரு வீட்டு அட்ரஸ் சொல்றேன், முதல்ல அங்கே ஆள் அனுப்பு. எங்க வீட்டுக்கு அப்புறம் அனுப்பலாம்"னேன்.