மூன்று மணிக்குச் சிக்கும் டிராயர்

என் அண்ணன் வெற்றிசெல்வனுக்குப் பென்சில்கூட ஒழுங்காகச் சீவ வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அறந்தாங்கியில் எங்கள் தெரு முழுக்க அவனைப் பெரிய தச்சன் என்று நம்பிக்கொண்டிருந்தது. குவைத்தில் பதினோரு வருஷமாக அவன் பார்ப்பது சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் ஊற்றப் பலகை அடைப்பான், காய்ந்ததும் பிரிப்பான். ஆணி அடிக்கத் தெரியும், பிடுங்கத் தெரியும். மரத்தோடு அவனுக்கு அவ்வளவுதான் உறவு.

உண்மையில் மரத்தில் கை வைத்தவள் அவன் பெண்டாட்டி செவந்தி, என் மதினி. நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வரும்வரை உளி என்றால் அவளுக்குக் கல் உளிதான். “கல்லு தேவல வனிதா. மழைக்கு உப்பாது, வெயிலுக்குச் சுருங்காது. இந்த மரத்துக்கு இருக்குற கொழுப்பு இருக்கே!” என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள். ஆனால் விடமாட்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது இது. அண்ணன் லீவு முடிந்து போன அடுத்த மாதம், அடுப்படியில் அலமாரித் தட்டு ஊறுகாய் ஜாடியோடு கீழே விழுந்தது. ஆசாரி இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று ஒரு மாதம் இழுத்தடித்தார். பொறுத்துப் பார்த்த மதினி, ஒரு நாள் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வீடியோவில் அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் சொல்லச் சொல்ல இவள் அடித்தாள். தட்டு கொஞ்சம் கோணலாக நின்றது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பேச்சு நாற்பது நிமிஷம் நீண்டது.

அதுவரை அவர்கள் பேச்சு இரண்டு நிமிஷம்தான். கூடத்தில் டிவிக்கு முன்னால் என் அப்பா உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழ மதினி என்ன பேசிவிட முடியும்? சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், வெயில் எப்படி, இருக்கு. எங்கள் வீடுகளில் புருஷன் பெண்டாட்டி போனில் “ஒன் நெனப்பாவே இருக்கு” என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. சொன்னால் வாய் கூசும். பேசுவதற்கு நடுவில் ஒரு சாமான் வேண்டும். சில வீடுகளில் அது பிள்ளையின் படிப்பு, சில வீடுகளில் தண்ணீர் மோட்டார். இவர்களுக்குப் பலகை வாய்த்தது.

கொல்லையில் சும்மா கிடந்த மாட்டுக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, இழைப்புளி, ரம்பம், டிரில் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டாள். மதியம் மூன்று மணிக்கு, அதாவது குவைத்தில் அண்ணன் சாப்பிட உட்காரும் நேரத்துக்கு, போனோடு அங்கே போய்விடுவாள். முதலில் செய்த முக்காலி ஆடியது. ஆடுகிறதே என்று ஒரு காலை அறுத்தாள், பிறகு அடுத்த காலை அறுத்தாள். அறுத்து அறுத்து அது மணைக்கட்டை ஆகிவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அண்ணன் மறுநாள் வழி சொன்னான்: சமமான தரையில் வைத்து, குட்டைக் காலுக்கு அடியில் அட்டை கொடுத்து, ஆட்டம் நின்ற பிறகு எல்லாக் காலிலும் ஒரே உயரத்தில் கோடு போட்டு அறுக்க வேண்டுமாம்.

இப்படி ஒவ்வொன்றாக வந்தது. ஸ்குரூ போட்ட ஓட்டை பெரிதாகிவிட்டால் தீக்குச்சியில் பசை தடவிச் செருகி, காய்ந்ததும் மறுபடி முடுக்கலாம். வளைந்த பலகையைக் குழிந்த பக்கம் ஈரத்தரையில் படும்படி கவிழ்த்து வெயிலில் போட்டால் நிமிரும். ஐப்பசி மழைக்கு உப்பிச் சிக்குகிற டிராயருக்கு மெழுகுவர்த்தி தேய்க்கலாம். எதைக் கேட்டாலும் அண்ணன் உடனே சொல்லமாட்டான். “யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்” என்பான். மறுநாள் சரியாகச் சொல்வான். பென்சில் சீவத் தெரியாதவனுக்கு இவ்வளவு ஞானம் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம்தான். வெளிநாட்டுத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்லதற்கோ கெட்டதற்கோ, மதினி வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். இரண்டு வருஷத்தில் தெருவில் எந்தக் கதவு இடித்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். கேட்க ஒன்றும் இல்லாமல் போனது. பேச்சு மறுபடி சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேனுக்கு வந்து நின்றது. மூன்று மணிக்குப் போன மதினி மூன்று அடித்து ஐந்து நிமிஷம் ஆகுமுன் திரும்பி வந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள்.

அப்புறம் திடீரென்று அவள் வேலை கெட ஆரம்பித்தது. அண்ணன் வந்தால் துணி வைக்க என்று வேம்பில் மூன்று டிராயர் வைத்த அலமாரி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அதில் நடு டிராயர் சிக்குகிறது என்று போனில் தினமும் புகார். ஒரு நாள் நான் கொட்டகைப் பக்கம் போனபோது பார்த்துவிட்டேன். மடித்த அட்டைத் துண்டு ஒன்றை டிராயரின் ஓரத்தில் செருகி, இறுக்கமாகிவிட்டதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, போனை எடுத்தாள்.

“என்னங்க, இங்கிட்டுப் பாருங்க. இன்னைக்கும் சிக்குது.”

அண்ணன் சோற்றை மென்றுகொண்டே, “எந்தப் பக்கம் சிக்குது? நல்லா காட்டு” என்றான். மதினியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்லூரிக்குப் போகிற மகள் இளமதியை வைத்துக்கொண்டு இவளுக்கு இந்த வெட்கம். கள்ளி என்று மனசுக்குள் திட்டினேன். சத்தம் காட்டாமல் வந்துவிட்டேன். வந்து அழுதேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பங்குனியோடு அண்ணனுக்குக் காண்ட்ராக்ட் முடிகிறது. இந்த முறை ஒரேயடியாக வந்துவிடுவானா, இல்லை இன்னும் இரண்டு வருஷமா? நாலு வருஷமாக முகத்தை நேரில் பார்க்கவில்லை. நான் கேட்கச் சொல்லும்போதெல்லாம், “கேப்போம், கேப்போம்” என்று இழைப்புளியை எடுத்துக்கொள்வாள். இல்லை என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் அவளுக்கு.

மாசி மாதம் பீட்டர் வந்தார். அண்ணனோடு ஒரே அறையில் தங்குகிறவர், ஆவூர்க்காரர், அங்கே பர்னிச்சர் கடையில் தச்சு வேலை. ஒரு மாத லீவில் வந்தவரிடம் அண்ணன் பேரீச்சம்பழமும், உளி தீட்டும் கல்லும் கொடுத்துவிட்டிருந்தான். கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பீட்டர் எழுந்துவிட்டார்.

“அக்கா, மொதல்ல அந்த அலமாரியக் காட்டுங்க. அதப் பத்திக் கேட்டுக் கேட்டே எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு.”

கொட்டகைக்குக் கூட்டிப் போனோம். அவர் நடு டிராயரை இழுத்தார். வெண்ணெய் மாதிரி வந்தது. உள்ளே தள்ளினார், மறுபடி இழுத்தார்.

“நல்லாத்தானே இருக்கு! சிக்குதுன்னு போன வாரங்கூட அண்ணன் எங்கிட்டக் கேட்டுச்சே?”

மதினி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“ஒங்ககிட்டயா கேட்டாக?” என்றாள் மதினி.

“பின்ன? அண்ணனுக்கு டிராயரப் பத்தி என்னக்கா தெரியும்? நாலு வருசமா நீங்க கேக்குறத ராத்திரி வந்து எங்கிட்டக் கேட்டுட்டு, மறுநாள் ஒங்களுக்குச் சொல்லும். நான் ஒரேயடியா எல்லாத்தயும் சொன்னா திட்டும்க்கா. ‘பாதியச் சொல்லு பீட்டரு, மீதிய நாளான்னைக்குச் சொல்லு, அப்பத்தான் ரெண்டு நாளைக்கு வரும்’ங்கும்.”

சொன்ன பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்தார். ஏதோ உளறிவிட்டோம் என்று புரிந்திருக்க வேண்டும். ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். மதினி அந்த டிராயரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் மூன்று மணிக்கு நானும் கூடவே போனேன். கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். மதினி அட்டையைத் தேடவில்லை. போனை அலமாரி மேல் நிற்க வைத்துவிட்டு, மூன்று டிராயரையும் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினாள்.

“எல்லாம் நல்லா ஓடுதுங்க. ஒரு பிரச்சினையும் இல்ல. முன்னாடியும் இல்ல.”

அண்ணன் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்கவில்லை. “பீட்டரு வந்தானா?” என்றான்.

“வந்தாக.”

“அவன் ஊருக்குக் கெளம்புனதுலேருந்து எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு செவந்தி. இந்த ஒரு மாசம் நீ ஏதாவது கேட்டா யாருகிட்டப் போயிக் கேப்பேன்? தெரியலன்னு சொல்லிட்டா, அப்புறம் நீ எதுக்குக் கூப்புடப்போறன்னு.”

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, நாலு வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

“எனக்கு ஒங்களப் பாக்கணும் போல இருக்கு. பங்குனிக்கு வருவீங்களா, மாட்டீங்களா?”

அந்தப் பக்கம் தட்டுகள் உருளும் சத்தமும், யாரோ இந்தியில் யாரையோ கூப்பிடும் சத்தமும் கேட்டன. அண்ணன் குனிந்துகொண்டான். போனில் அவன் தலைமுடி மட்டும் தெரிந்தது. பாதி நரைத்திருந்தது. எங்களுக்கு அதுவரை பலகையைத் தவிர வேறெதையும் பார்க்கத் தோன்றியதில்லை.

“போன வாரம் கையெழுத்துப் போட்டுட்டேன் செவந்தி. ரெண்டு வருசத்துக்கு. மதி படிப்பு முடியட்டும்னு. ஒங்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கி அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். மதினி கையைக் காட்டி என்னைத் தடுத்துவிட்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வந்தது. அதை அவள் மறைக்கவில்லை. அவன் பார்க்கட்டும் என்று நேராகவே நின்றாள்.

“சாப்புடுங்க, சோறு காயுது” என்றாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. போனையும் யாரும் வைக்கவில்லை.

அங்கே மணி அடித்தது. அண்ணன் எழுந்தான்.

“நாளைக்கும் மூணு மணிக்குக் கூப்புடுறேன்” என்றாள் மதினி. “கேக்க ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் எடுங்க.”