மஞ்சக்கோழி பறந்த ஏப்ரல்

ஏப்ரல் வந்தால் ஓர்வோ கெட்டுனெனுக்குத் தூக்கம் கெட்டுவிடும். ஏரியின் பனிக்கட்டி இளகிக் கறுக்கும் காலம் அது. பனிவண்டியில் போனால் மூழ்கிவிடும், படகில் போனால் சிக்கிக்கொள்ளும். அந்தச் சில வாரங்கள் தீவில் இருப்பவர்கள் தீவில்தான், கரையில் இருப்பவர்கள் கரையில்தான். மினசோட்டாவின் வடகோடியில் பிறந்த யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை. ஓர்வோவும் சொன்னதில்லை, ஓர் ஏப்ரலில் அம்மா சாகும்வரை.

தீவில் கணவரோடு மீன்பிடித் துறை நடத்திவந்த அக்கா ஐலியால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்தைவிட்டு வெளியே வந்தபோது ஓர்வோ ஏரியைப் பார்த்தார். தீவின் விளிம்பில் ஒரு கறுப்புப் புள்ளி நின்றது. பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் அது அங்கேயே நின்றது.

மறுவாரம், தன் பனிவண்டிப் பட்டறையில், மரத்தில் மோதி நொறுங்கிய ஒரு வண்டியின் எஞ்சினைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அலுமினியக் குழாய்களை இணைத்துத் துணி போர்த்தி, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை வைத்த ஒரு சிறு விமானத்தைக் கட்டத் தொடங்கினார். ஓட்டுவதைப் பக்கத்து ஊர்த் திடலில் வார இறுதிகளில் கற்றுக்கொண்டார். எஞ்சினைப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. பனிவண்டி எஞ்சின் அலறிக்கொண்டு சுற்றும். அந்த வேகம் விமான விசிறிக்கு ஆகாது. எஞ்சினில் சிறு சக்கரம், விசிறியில் பெரிய சக்கரம், நடுவே பல்வைத்த பெல்ட் என்று பூட்டி, வேகத்தை அரைவாசிக்கும் கீழே இறக்கினார். எஞ்சின் மூடியின் பழைய மஞ்சள் பெயின்டை மட்டும் சுரண்டவில்லை.

பெட்ரோல் பங்கும் காப்பிக்கடையும் வைத்திருந்த வெண்டல் அதற்குப் பெயரே வைத்துவிட்டார். "மஞ்சக்கோழி! டேய் ஓர்வோ, அது பறக்குறது இருக்கட்டும், முட்டையாவது போடுமா?"

அடுத்த குளிர்காலம், உறைந்த ஏரியில், சறுக்குக்கட்டைகளோடு கோழி ஓடியது. வீட்டுக் கூரை உயரத்துக்கு எழும்பியது. அப்போது பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தது. ஓர்வோ திடுக்கிட்டார். விமானம் தொப்பென்று விழுந்தது.

வெண்டல் பனிவண்டியில் பறந்து வந்தார். "போட்டுடுச்சுடா முட்டை! வெளிய வா." அப்புறம் ஓர்வோவின் வாயில் ரத்தத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "பல்லு எல்லாம் இருக்கா? எஞ்சின் நின்னுடுச்சா?"

"எஞ்சின் நிக்கல. நான்தான் கைய எடுத்துட்டேன்."

பனிவண்டியில் ஆக்ஸிலரேட்டர் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும். பயந்தால் விரலை எடுத்துவிட வேண்டும், வண்டி நின்றுவிடும். நடக்கப் பழகிய வயதிலேயே இந்த ஊரில் எல்லாரும் கற்றுக்கொள்வது அது. எத்தனையோ முறை ஓர்வோவின் உயிரைக் காப்பாற்றியதும் அதுதான். அதனாலேயே யோசிக்காமல் அதே விசையை விமானத்திலும் மாட்டியிருந்தார். வானத்தில் நின்றால் விழ வேண்டியதுதான்.

விசையை மாற்றினார். தள்ளிய இடத்திலேயே நிற்கும் ஒரு நெம்புகோலை இடதுபக்கம் வைத்தார். விசை நின்றது, கை நிற்கவில்லை. ஏரிமேல் ஓட்டிப் பார்த்தபோது, சறுக்கிய நொடியில் இடதுகை தானாகவே நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தது.

"வெண்டல், எனக்கு ஒரு உதவி பண்ணு. என்னை பயமுறுத்து."

"அதுக்கு நான் எதுக்கு? கண்ணாடி பாரு, போதும்."

ஆனாலும் வந்தார். பனிமேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, முழு வேகத்தில் ஏரிமேல் ஓடிவரும் மஞ்சக்கோழியின்மேல் பனியுருண்டை எறிந்தார். ஊரே காப்பிக் குவளையோடு வேடிக்கை பார்க்க வந்தது. முதலில் ஒவ்வோர் உருண்டைக்கும் எஞ்சின் முனகி அடங்கியது. மார்ச் முடிவதற்குள், மூக்கிலேயே அடி விழுந்தாலும் அலறல் குறையவில்லை.

ஏப்ரலில், பனிக்கட்டி கறுத்துக் கிடந்தபோது, கரையில் இருந்த ஐலியின் ஒரே மகள் மார்லிஸுக்கு, நாள் இருக்கும்போதே பிரசவ வலி வந்துவிட்டது. ஓர்வோ சறுக்குக்கட்டைகளைக் கழற்றிச் சக்கரம் மாட்டினார். கடுங்குளிருக்காகக் கார்புரேட்டரில் போட்டிருந்த, பெட்ரோலை அதிகம் விடும் பெரிய ஜெட்டுகளை எடுத்துவிட்டுச் சிறியவற்றைப் போட்டார். பிறகு வயர்லெஸ்ஸில் தீவைக் கூப்பிட்டார்.

"அக்கா, கோட்டை மாட்டு. வீட்டுக்குப் பின்னாடி சரளைப் பாதையில கெடக்குற மீன்பெட்டியெல்லாம் ஓரங்கட்டு. நான் வரேன்."

"அம்மா அடக்கத்துக்கே என்னால வர முடியல. இப்ப உன் அடக்கத்தையும் இங்கேருந்தே பாக்கணுமாடா?"

வயர்லெஸ் கரகரத்தது. அப்புறம் ஐலியின் குரல் மெல்ல வந்தது. "எந்தப் பக்கத்துலேருந்து வருவ? நாயைக் கட்டிப்போடணும்."

ஐலியை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், ஏரியின் நடுவே, குளிர்ந்த காற்றில் விமானம் சட்டென்று கீழே சரிந்தது. ஐலி அலறிக்கொண்டு பின்னாலிருந்து தம்பியின் தோளைப் பிடித்தார். கீழே பனிப்பாளங்களின் இடுக்கில் தண்ணீர் பளபளத்தது. ஓர்வோ தன் இடதுகையைப் பார்த்தார். அது நெம்புகோலை முன்னால் தள்ளியபடி, வைத்த இடத்திலேயே இருந்தது. எஞ்சின் மூச்சுவிடாமல் அலறியது. மூக்கு மெல்ல நிமிர்ந்தது.

"உயிர் போகுது, நீ என்னடா சிரிக்கிற?"

"என் கைய பாரேன்க்கா!"

கரையோர வயலில் விமானம் இறங்கி உருண்டு வரும்போது, தேவாலயத்தின் வடக்குச் சுவரோரம் மிச்சமிருந்த கடைசிப் பனியில் பிடித்த ஓர் உருண்டை வந்து ஓர்வோவின் நெற்றியில் உடைந்தது. காரை உறுமவிட்டு நிறுத்தியிருந்தார் வெண்டல். "கை நகரலடா! நான் பாத்தேன்!" என்று கத்தினார். அவருக்குத்தான் கண் கலங்கியிருந்தது.

ஐலி பிரசவ அறைக்குள் போனபோது குழந்தை பிறந்திருக்கவில்லை. மார்லிஸ் அம்மாவைப் பார்த்ததும் வலியை மறந்து வாயைப் பிளந்தாள். தீவுக்காரர்களைத் தெரிந்த செவிலி ஜன்னல் வழியே ஏரியை எட்டிப் பார்த்தாள்.

"ஐஸ் இன்னும் போகலையே! நீங்க எப்படி வந்தீங்க?"

ஐலி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் தம்பி கூட்டிட்டு வந்தான்."