மூன்று தகர டப்பாக்கள்

அம்மாவைக் கேட்காமல் அப்பா துணிந்து செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் மூன்று பேர் வயிற்றையும் ஆராய்ச்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வெள்ளைக்கார அரசு காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. நியாலாஸ் பக்கம் இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த அவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வெளியே போகும் பை, கூடை எல்லாவற்றையும் காவல்காரர்கள் கிளறிப் பார்ப்பார்கள். நான் அப்போது எட்டு வயதுச் சிறுமி. அந்த வாசல் வழியாக ஒரு நாள் டவுனிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டரும் ஒரு தமிழ் நர்சும் வேனில் வந்தார்கள். நர்சை நாங்கள் மிஸ்ஸி என்போம்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் கூட்டம். டாக்டர் பேசப் பேச மிஸ்ஸி தமிழில் சொன்னார். தோட்டத்து மண்ணில் ஒரு புழு இருக்கிறது. வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் வழியே ஏறி, குடலில் தங்கி ரத்தத்தைக் குடிக்கும். யாருக்கு எவ்வளவு இருக்கிறது, எந்த மருந்துக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விருப்பப்பட்ட குடும்பங்கள் மட்டும் சேரலாம், நடுவில் விலகவும் செய்யலாம். இங்கே கண்டுபிடிப்பது மற்ற தோட்டத்து ஜனங்களுக்கும் உதவும். ஆளுக்கொரு தகர டப்பாவில் காலைக்கடனைக் கொஞ்சம் பிடித்துத் தர வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றதும் கொட்டகையே தலையைக் குனிந்துகொண்டது. முதலில் எழுந்த கை அப்பாவுடையது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர் கூப்பிட்டால்கூட வாய்க்குள்ளேயே பதில் சொல்லும் மனிதர் அவர்.

நம்பர் ஒட்டிய மூன்று டப்பாக்களோடு வந்து நின்றவரை அம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

“ஏங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? பொம்பளை இதைப் பிடிச்சு ஊரு கையில குடுப்பாளா? மானம் போயிடும் லா!”

“மிஸ்ஸிதான் வாங்கும், ஊரு இல்ல,” என்று முனகிவிட்டு அப்பா வெளியே நழுவினார்.

அம்மாவுக்கு அப்போது உடம்பு நன்றாக இல்லை. ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டிவிட்டு வந்தால் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். முந்தின வருஷம் பிள்ளை பெறுவதற்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அதற்கு முன்பும் ஒரு தடவை அப்படித்தான். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டோம். அவள் இன்னொரு முறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் என் பயம்.

மறுநாள் காலையில் அம்மா இரண்டு டப்பாக்களை என் கையில் திணித்தாள்.

“ரெண்டுலயும் நீயே போட்டுடு. அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவரை அம்மா என்னை நம்பிக் கொடுத்த பெரிய வேலை தண்ணீர் பிடிப்பதுதான். கொஞ்சம் சிரமப்பட்டாலும் இரண்டிலும் ஓரவஞ்சனை இல்லாமல் பங்கு வைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு வேலி வாசலில் ஒரு புதுக் காவல்காரர். வேனுக்குள் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்ததும், காட்டுக்குப் போகும் அரிசி அகப்பட்டது என்று அவருக்கு ஒரே குஷி. மிஸ்ஸி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, ஒன்றைத் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அதற்குப் பிறகு மிஸ்ஸியின் வேனை யாரும் சோதிக்கவில்லை. அது அப்பாவின் டப்பாதான் என்று எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் பேசிக்கொண்டார்கள். அப்பா மறுக்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மிஸ்ஸி முடிவுகளோடு கொட்டகைக்கு வந்தார். அப்பாவுக்குப் புழு ஏராளம், உடனே மருந்து கொடுத்தார்கள். நான் சுத்தம். ஜாசின் டவுனில் அப்பா வாங்கித் தந்த, காலை மூடும் சப்பாத்தைப் படுக்கும்போது மட்டுமே கழற்றுகிற பிள்ளை நான். அம்மாவும் சுத்தம். மிஸ்ஸி அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“அக்கா, உங்க உடம்புல ரத்தமே இல்ல. புழுவும் இல்லன்னா இது வேற பெரிய வியாதியா இருக்கலாம். ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் தங்கித்தான் பார்க்கணும்.”

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் அழுதுகொண்டே கத்தினேன்.

“அது அம்மாவோடது இல்ல மிஸ்ஸி! ரெண்டுமே என்னோடது!”

கொட்டகை சிரித்த சிரிப்பில் தொட்டில் பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழுதன. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எந்த மானத்துக்குப் பயந்தாளோ அதை நானே கப்பலேற்றிவிட்டேன். மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. தாளில் ஒரு வரியை அடித்துவிட்டு, புது டப்பா ஒன்றை அம்மாவின் மடியில் வைத்தார்.

“உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும் குடுங்க அக்கா. வேணாம்னா சொல்லுங்க, பேரை எடுத்துடுறேன்.”

அன்று சாயங்காலம் வரை அம்மா அந்தப் புது டப்பாவைத் தொடவில்லை. டப்பா அடுப்படி மூலையில் கிடந்தது. அப்பா அதை எடுத்துத் துடைத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அடிக்குரலில்தான் பேசினார், ஆனால் ஒற்றை அறை வீட்டில் எது காதில் விழாமல் போகும்?

“உன்னை மட்டும் டாக்டர்கிட்ட கூப்பிட்டா வந்திருப்பியா? மூணு டப்பா வாங்கினது ஒரு டப்பாவுக்காகத்தான்.”

அம்மா வெடித்து அழுதாள். அப்பா எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் அவள் டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போக, வழியில் யாரும் வராதபடி அப்பா காவல் நின்றார். எங்கள் லயத்திலேயே அம்மாவுக்குத்தான் புழு அதிகம் என்று பிறகு தெரிந்தது. புழு மருந்தும் ரத்தம் ஊறும் மாத்திரையும் மாதக்கணக்கில் வந்தன. தம்பி பிறந்தபோது மிஸ்ஸி வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டார்.

ஆனால் அந்தச் சாயங்காலம் அடுப்படியில் அப்பா சொன்னதைக் கேட்டு எனக்கு வந்தது கோபம்தான். கஷ்டப்பட்டு இரண்டு டப்பாக்களை நிரப்பிக் கொடுத்தவள் நான். ஒரே ஒரு டப்பாவுக்காகத்தான் என்று அவர் சொன்னது அவருடைய சொந்த டப்பாவைத்தான், என்னுடைய இரண்டும் கணக்கிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டும் போகாமல் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டேன்.