முப்பத்தேழு படங்களில் இருந்தவர்

எங்கள் ஸ்டூடியோவில் அவருக்கு முதுகு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். ஹீரோவின் அதே உயரம், அதே தோள். பின்னாலிருந்து பார்த்தால் ஹீரோவேதான். பத்தொன்பது வருடம் அவர் பார்த்த வேலை, நிற்பது.

நான் லைட் போடுகிறவன். ஒரு ஷாட்டுக்கு விளக்குகளைச் சரிசெய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். அந்தச் சூட்டில் ஹீரோ வந்து வேகுவாரா என்ன? அவர் ஏ.சி. அறையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருப்பார். அவருடைய இடத்தில் முதுகு நிற்பார். துணியின் நிறம் மாறினால் வெளிச்சமும் மாறிவிடும் என்பதால் விக், ஒட்டு மீசை முதல் பூட்ஸ் வரை எல்லாம் இரண்டிரண்டு தைத்து வைத்திருப்பார்கள். முகம் மட்டும் அசல் இல்லை. ஆனாலும் பக்கவாட்டில் பார்த்தால் ஹீரோவைப் பெற்றவளே ஒரு நிமிஷம் யோசிப்பாள். வெளிச்சம் சரியானதும், "முதுகு, நகருப்பா" என்பேன். அவர் நகர்வார். ஹீரோ வந்து நின்று, இரண்டு நிமிடம் நடித்துவிட்டு, களைத்துப்போய் மறுபடியும் அறைக்குப் போவார்.

செட்டில் போட்டோ எடுக்க ஸ்டில்ஸ்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், மகா பயந்தாங்கொள்ளி. ஹீரோ படம் இருட்டாக விழுந்துவிட்டால் வேலை போய்விடும் என்று, முன்கூட்டியே முதுகை வைத்து நாலைந்து படம் எடுத்துச் சரிபார்த்துக்கொள்வார். முதுகுக்கோ கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. நான் விளக்கை ஏற்றி இறக்கும் நேரத்தில் துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்குவார். கால் ஆடும் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு ஆணி அடிப்பார். தச்சர்களோடு உட்கார்ந்து டீ குடிப்பார். எல்லாவற்றையும் ஸ்டில்ஸ்காரர் எடுத்துத் தள்ளினார். கழுவி வந்த படங்களை உறையில் போட்டு, உறையின் மேல் ஹீரோவின் பெயரை எழுதினார். எல்லா உறையிலும் அந்த ஒரே பெயரைத்தான் எழுதுவார். அந்தக் காலத்தில் வேறு யார் பெயரையும் எழுத அவருக்குத் தைரியம் கிடையாது.

ஸ்டில்ஸ்காரர் போய்ச் சேர்ந்தார். ஹீரோவும் போய்ச் சேர்ந்தார். போன மாதம் ஹீரோவின் மகன் ஒரு பெரிய கூடத்தில் கண்காட்சி வைத்தார். 'அசந்த நேரத்தில் நம் நட்சத்திரம்' என்று வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. முதுகையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மொத்தம் நாற்பது படம். அதில் முப்பத்தேழில் முதுகு இருந்தார். 'தரையைத் தானே பெருக்கும் தலைவன்' என்ற படத்தின் முன்னால் ஒரு பேராசிரியர், துடைப்பத்தைப் பிடித்திருக்கும் விரல்களில் தெரிகிற பணிவைப் பற்றி இருபது நிமிடம் உருகினார். ஒரு பாட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீதி மூன்று படங்களில் ஹீரோ இருந்தார். மூன்றிலும் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஈ காக்கை இல்லை.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினால், முதுகு கடைசிச் சுவரின் முன்னால் கல்லாய் நின்றிருந்தார். அந்தப் படத்தில் ராணுவ அதிகாரி உடுப்பில் ஓர் ஆள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எதிரே ஓர் இளம்பெண் அவர் தாடைக்குக் கீழே கைக்குட்டையை ஏந்தியிருக்கிறாள். அவள் வாய் திறந்திருக்கிறது. கீழே, 'ஏழை ரசிகையின் கண்ணீர் நன்றி: நட்சத்திரத்தின் வாயைத் துடைக்கும் அரிய காட்சி' என்று அச்சடித்திருந்தார்கள்.

அது முதுகின் மனைவி. சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் செட்டுக்கு வருவாள். மகளுக்கு ஒரு வயது முடியும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் எத்தனையோ தடவை கேட்டாளாம். 'நாள் பூரா கேமரா முன்னாடிதானே நிக்கிறேன், அப்புறம் பார்க்கலாம்' என்று இவர் தள்ளிப்போட்டிருக்கிறார். வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. மகளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. அம்மாவின் முகம் அவளுக்கு நினைவே இல்லை.

ஹீரோவின் மகன் இருந்த அறைக்குப் போனோம். "தம்பி, அது என் வீட்டுக்காரி. பக்கத்துல இருக்கறது நான்," என்றார் முதுகு.

"தினம் நாலு பேர் இப்படித்தான் வர்றாங்க, பெரியவரே. எங்கப்பா எளிமையானவர். எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடுவார்."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "சின்ன வயசுல செட்டுக்கு வந்தா அப்பான்னு ஓடிப்போய் இவர் காலைக் கட்டிப்பீங்களே, அதாவது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. உதவியாளர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஒண்ணு அவர் இல்லைன்னா நாற்பதும் அவர் இல்லைன்னு ஆயிடும். வெளியே அத்தனை பேர் அழுதுட்டு நிக்கிறாங்க," என்றார். பிறகு முதுகே சொல்வதுபோல் ஒரு தாளை எழுதி அவரிடம் நீட்டினார். 'படத்தில் இருப்பது மறைந்த நட்சத்திரமே. பெண் அவருடைய ரசிகை, என் மனைவி. இதற்கு மாறாக யாரிடமும், என் குடும்பத்தாரிடமும்கூட, சொல்ல மாட்டேன்.' கையெழுத்து போட்டால் படத்தைச் சட்டத்தோடு கொண்டுபோகலாம்.

"கிழிச்சுப் போட்டுட்டு வாங்க, போகலாம்," என்றேன்.

"அவ முகம் வேணும்ப்பா. நான் யார் ஜாடைன்னு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்குச் சொல்லத் தெரியலை," என்றார் முதுகு. சொல்லிக்கொண்டே கையெழுத்து போட்டார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். அந்தப் பேனாவை ஒடித்துப் போட வேண்டும்போல் இருந்தது.

வீட்டில் மகள் படத்தை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனாள். மருமகன் எட்டிப் பார்த்து, கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தார். "அத்தை அவ்வளவு பெரிய ரசிகையா, மாமா? சொல்லவே இல்லையே," என்றார்.

முதுகு தலையைக் குனிந்துகொண்டார். பெற்ற மகளும் இதை நம்பிவிட்டால் இந்த மனுஷன் பிழைத்திருந்து என்ன என்று நினைத்தேன்.

மகள் வெகுநேரம் அம்மாவையே பார்த்தாள். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதன்பிறகுதான் அவள் பார்வை அந்த ராணுவ உடுப்புக்காரர் பக்கம் போனது.

"அம்மா எதுக்குப்பா உங்களைத் திட்டுறாங்க?" என்றாள்.

நாங்கள் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. முதுகு அப்படியே சுவரில் சாய்ந்து அழுதார். அழுது முடித்த பிறகுதான் பதில் வந்தது.

"அடுத்தவர் சட்டை, சிந்தாம சாப்பிடுங்கன்னு திட்டுறாம்மா."